போக்சோ புகார்: முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை, முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

குழந்தையின் பெயர், வயது, ஊர், பள்ளி, செய்தவன் யார் என்பது எதுவும் இதில் இருக்காது. போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆவது பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளியே வரக்கூடாது என்கிறது. பெற்றவர்களே எழுதினாலும் அதே விதிதான். அதனால் நடந்த கதையை விட்டுவிட்டு, ஒரு குடும்பம் இந்த வழக்குக்குள் போனால் எது எந்த வரிசையில் வரும், எங்கே வழுக்கும், எங்கே காசும் நாளும் வீணாகும் என்பதை மட்டும் எழுதுகிறேன். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வித்தியாசம் இதில் கிடையாது. 18 வயது முடியாத எல்லோரும் குழந்தைதான். எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம். ஆனால் அதிலுள்ள பாதுகாப்புகளில் பலவும், அந்தந்த இடத்தில் நின்று யாராவது கேட்டால்தான் கிடைக்கின்றன. என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் போய் நிற்பதுதான் பெரிய கொடுமை.

முதலில் குழந்தை சொல்லும் நேரம். கை கால் நடுங்கும், கோபம் தலைக்கேறும், "ஏன் முன்னாடியே சொல்லலை" என்ற கேள்வி வாய் வரை வரும். அதைக் கேட்டுவிடாதீர்கள். பயந்துபோய் அப்போதே வாயை மூடிக்கொண்ட குழந்தைகள் உண்டு. குழந்தை எந்தச் சொல்லில் சொன்னதோ அதே சொல்லில், தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடல் உறுப்புக்கு வீட்டில் புழங்கும் சொல்லையே குழந்தை சொல்லியிருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். நாகரிகமாக மாற்றக் கூடாது. பிறகு பாட்டி, சித்தி, பெரியப்பா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பதைத் தடுத்தாக வேண்டும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சொற்கள் கொஞ்சம் மாறும். இரண்டு வருஷம் கழித்து எதிர்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான். குழந்தை பேசுவதை செல்போனில் வீடியோ எடுப்பதும் வேண்டாம். அது எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. "சொல்லிக் கொடுத்து எடுத்தது" என்ற வாதத்துக்கும் அதுவே இடம் கொடுக்கும். செய்தவன் வீட்டுக்கு ஆள் திரட்டிக்கொண்டு போவது இன்னும் மோசம். அவன் போனில் இருப்பதை அழிக்க நேரம் கிடைக்கும். உங்கள் மேல் அடிதடி வழக்கு ஒன்று பதிவாகும். அந்த வழக்கைக் காட்டியே "முன்விரோதம் காரணமாகப் பொய்ப் புகார்" என்று சொல்வார்கள். ஏற்கெனவே நிலத்தகராறோ கடன் பாக்கியோ உண்மையிலேயே இருந்தால், அதை மறைக்காமல் விசாரணை அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எதிர்தரப்பு கிளப்பினால்தான் அது சந்தேகமாகத் தெரியும்.

சம்பவம் நடந்து நான்கு நாட்களுக்குள் என்றால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்; எஃப்.ஐ.ஆர். கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஃப்.ஐ.ஆர். பதியாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்று 27ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவசரச் சிகிச்சை தருவதற்கு முன் போலீஸ் கடிதமோ நீதிமன்றக் கடிதமோ கேட்கக் கூடாது என்பது 2020ஆம் வருஷத்து போக்சோ விதிகளின் 6ஆவது விதி. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவின்படி அவர்களும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தர வேண்டும். அந்த உடையோடு, குளிக்க வைக்காமல் கூட்டிப் போவதுதான் சரி. உடை மாற்றியாகிவிட்டது என்றால், கழற்றிய துணியைத் துவைக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மாதிரி கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். பூப்பெய்திய பெண் குழந்தை என்றால் அவசரக் கருத்தடை மாத்திரையையும் சீக்கிரம் கொடுக்க வேண்டும். டாக்டர் தாமாகச் சொல்லாவிட்டால் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். 12 வயது ஆகிவிட்டால் குழந்தையின் சம்மதமும் வேண்டும். குழந்தை ஒரு பரிசோதனையை மறுத்தாலும் சிகிச்சையை நிறுத்த முடியாது. இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013லேயே கண்டித்தது. 2022ல் மெட்ராஸ் உயர் நீதிமன்றமும், அதே வருஷம் அக்டோபரில் மறுபடியும் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுத்தன. யாராவது அதைச் செய்ய முனைந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருத்துவ அறிக்கையில் "காயம் இல்லை" என்று இருப்பதைப் பார்த்து மனசு உடைந்துபோகும். உடைய வேண்டியதில்லை. தொடுதல் மட்டும் நடந்த வழக்கில் காயம் இருக்காது. பல நாள் கழித்துச் செய்த பரிசோதனையிலும் இருக்காது. காயம் இல்லாததால் மட்டும் வழக்கு விழுவதில்லை. குழந்தை கருவுற்றிருந்தால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கருக்கலைப்புக்குப் பிறகு எடுக்கும் மாதிரியை டி.என்.ஏ. சோதனைக்காகப் பாதுகாத்து, விசாரணை அதிகாரி வழியாகத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சிகிச்சை அவசரத்தில் அது குப்பைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. 2021 திருத்தத்துக்குப் பிறகு சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. அதைத் தாண்டிவிட்டால் மருத்துவ வாரியம், உயர் நீதிமன்றம் என்று நாட்கள் ஓடும்.

அடுத்தது காவல் நிலையம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஆனால் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கலை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவாக இருந்தாலும் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே பல குடும்பங்கள் விழும் குழி, சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டு ரசீது. புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்பார்கள். கையில் ஏதோ காகிதம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் வீட்டுக்கு வந்துவிடுவோம். சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகாது. அந்த இடைவெளியில்தான் எதிர்தரப்பை வரவழைத்து உட்கார வைத்துப் பேசும் வேலை நடக்கும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. "எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்ற எண் எழுதி, நகல் கொடுங்க" என்று கேளுங்கள். நகல் இலவசம். மற்ற எஃப்.ஐ.ஆர்.களைப் போல இதை ஆன்லைனில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. அதனால் அந்தக் காகித நகல்தான் உங்களுக்கு ஆதாரம். பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம் போகலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது எந்தக் கட்டத்திலும் உதவும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் கூட வந்தாலே நிலையத்தில் பேச்சின் தொனி மாறும்.

புகாரை ரைட்டரோ, வாசலில் மனு எழுதுபவரோ தம் பாணியில் எழுத விடாதீர்கள். "மேற்படி நபர் தகாத முறையில் நடந்துகொண்டார்" என்ற வரி ஒன்றுக்கும் உதவாது. எங்கே தொட்டான், எதால், உடைக்கு மேலா உள்ளேயா, எத்தனை முறை, என்ன சொல்லி மிரட்டினான் என்பது இருக்க வேண்டும். எந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகும் என்பது அதை வைத்துத்தான். தேதி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. குழந்தைக்குத் தேதி தெரியாது. "பொங்கல் லீவுக்கு முன்னாடி", "மிஸ் வராத அன்னைக்கு" என்றுதான் சொல்லும். அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். வழக்கு வலுவாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு துல்லியமான தேதியை நுழைத்து, அன்றைக்குக் குற்றவாளி வெளியூரில் இருந்தான் என்று பஸ் டிக்கெட்டோடு வந்து நின்றால் மொத்த வழக்கும் ஆட்டம் காணும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள். பாலியல் நோக்கத்தோடு தொடுதல் 7ஆவது பிரிவில் வரும். தண்டனை 8ன் கீழ் 3 முதல் 5 வருஷம். ஆடைக்கு மேல் தொட்டாலும் அதே குற்றம்தான். தோலோடு தோல் பட வேண்டும் என்ற பம்பாய் உயர் நீதிமன்ற நாக்பூர் அமர்வின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. குழந்தைக்கு 12 வயதுக்குக் கீழ் என்றாலோ, செய்தவன் உறவினர், ஆசிரியர், பள்ளி ஊழியர், போலீஸ்காரர் என்றாலோ, திரும்பத் திரும்ப நடந்திருந்தாலோ அது 9ஆவது பிரிவுக்கு, அதாவது கடுமையான வகைக்கு, ஏறும். தண்டனை 5 முதல் 7 வருஷம். உடலுக்குள் நுழைத்த குற்றம் 3ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 10 வருஷம்; குழந்தை 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 வருஷம். விரலோ பொருளோ நுழைத்தாலும், வாயை வைத்தாலும் இதே பிரிவுதான். இது பலருக்கும் தெரியாததால் "அந்த மாதிரி ஒண்ணும் நடக்கலையே" என்று சின்னப் பிரிவில் முடித்துவிடுகிறார்கள். பிரிவு குறைவாகப் போட்டிருந்தால், விசாரணை அதிகாரி பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப முடியும். அதை எழுத்தில் கேளுங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த குழந்தை, செய்தவன் அந்தப் பிரிவைச் சேராதவன் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். அப்போது விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குப் போகும், நிவாரணத் தொகையும் தனி. சாதிச் சான்றிதழை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்ற வரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். இது 24ஆவது பிரிவு. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நடைமுறையில் "ஒரு பத்து நிமிஷம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் போன் வரும். "வீட்டுக்கு வாங்க மேடம், 24ஆவது பிரிவுல அப்படித்தானே இருக்கு" என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் வருவார்கள். சண்டை போடத் தேவையில்லை. அந்த அதிகாரியோடு இன்னும் வருஷக்கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது.

24 மணி நேரத்துக்குள் போலீஸ், குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இந்தக் குழுவின் பெயரைக் கேட்டதும் "பிள்ளையை ஹோமுக்கு அனுப்பிடுவாங்களோ" என்று பயந்து, அங்கே போகாமலே இருப்பவர்கள் உண்டு. குற்றம் செய்தவன் அதே வீட்டில் இருந்தாலோ, குழந்தைக்குக் காப்பாளர் இல்லாவிட்டாலோதான் அந்தக் கேள்வி எழும். மற்றபடி குழந்தை பெற்றோரிடமே இருக்கும். குழுவிடம் இரண்டு விஷயங்களை எழுத்து மூலம் கேளுங்கள். ஒன்று, ஆதரவு நபர். மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளி எல்லாவற்றுக்கும் கூட வந்து, வழக்கின் நிலையைச் சொல்ல நியமிக்கப்படுபவர். உங்களுக்குச் செலவு இல்லை. அவர் ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லாமலே மாற்றக் கேட்கலாம். 2023ல் உச்ச நீதிமன்றம் இந்த நியமனத்தை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படியும் கேட்காத குடும்பத்துக்குத் தானாக வருவது குறைவு. இரண்டாவது, சிறப்பு நிவாரணம். உணவு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்காகக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 8ஆவது விதி. இழப்பீட்டிலிருந்து இது தனி. தினக்கூலிக் குடும்பத்துக்கு முதல் மாதம் ஓடுவதே இதை நம்பித்தான். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குக் கடைசி வரை தெரிவதில்லை.

மாஜிஸ்திரேட் முன்னால் தரும் வாக்குமூலம் அடுத்த படி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164, இப்போது சுரக்ஷா சன்ஹிதாவில் 183ஆவது பிரிவு. குழந்தை பேசும் சொற்களிலேயே பதிய வேண்டும். எதிர்தரப்பு வழக்கறிஞர் அங்கே இருக்கக் கூடாது. "என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கா" என்று ஆட்டோவில் ஒப்பிக்க வைக்காதீர்கள். "ஜட்ஜ் அம்மா கேட்பாங்க, தெரிஞ்சதைச் சொல்லு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, புரியலைன்னா திரும்பக் கேளு" என்பது போதும். போலீஸ் வாக்குமூலம், மாஜிஸ்திரேட் வாக்குமூலம், நீதிமன்றச் சாட்சியம் மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் குறுக்கு விசாரணை நடக்கும். சின்ன வித்தியாசம் இயல்பு. மனப்பாடம் செய்ததுபோல் மூன்றும் ஒரே மாதிரி இருந்தால்தான் நீதிபதிக்கே சந்தேகம் வரும்.

வயதுச் சான்றில் கோட்டை விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வழக்கு தோற்கும். இதற்கு உதாரணம் தமிழ்நாட்டிலிருந்தே போன வழக்கு. யுவப்பிரகாஷ் வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., வயதை நிரூபிக்கப் போதாது என்றது தீர்ப்பு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு ஏற்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. ஆதார் இந்தப் பட்டியலிலேயே இல்லை. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் உடனே சேர்த்து வாங்குங்கள். சான்றிதழ் தந்த அலுவலரைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களா என்று குற்றப்பத்திரிகையில் பாருங்கள்.

படமோ வீடியோவோ சம்பந்தப்பட்டிருந்தால் ஒரே விதி: யாருக்கும் அனுப்பாதீர்கள். "பாருங்க என்ன பண்ணியிருக்கான்னு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும், அது குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்பும் குற்றம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு பெற்றோர் என்று விலக்கு தராது. அந்தப் போனை அப்படியே போலீசிடம் கொடுங்கள். மிரட்டல் செய்திகளை எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அதை ஏற்காது; விசாரணை அதிகாரி வாங்கினாரா என்று கேளுங்கள். கொடுத்த போன் தடயவியல் ஆய்வகத்துக்குப் போய் வர மாதக்கணக்கில் ஆகும். வங்கிக் கணக்கு, வேலை எல்லாம் அந்த எண்ணில் இருந்தால் முன்பே புது சிம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போக்சோவின் 4, 6, 8, 10ஆவது பிரிவு வழக்குகளில் இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாமதமானால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் தாண்டினால், கைதானவனுக்கு ஜாமீன் கேட்கும் உரிமை தானாகவே வந்துவிடும். 50ஆவது நாள் வாக்கில் விசாரணை அதிகாரியைப் பார்த்து, தடயவியல் அறிக்கை வராவிட்டாலும் குற்றப்பத்திரிகை போகுமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அறிக்கையைப் பின்னால் சேர்க்க முடியும். ஜாமீன் மனு, கைது, வாய்தா தேதி எல்லாவற்றையும் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஜாமீனில் வந்தவன் தெருமுனை டீக்கடையில் நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, ஜாமீன் மனுவை எதிர்க்க விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிபந்தனையை மீறி வீட்டுப் பக்கம் வந்தால் தேதியோடு எழுத்துப் புகார். ஜாமீனை ரத்து செய்ய அதுதான் பிடி. மிரட்டல் கடுமையாக இருந்தால் 2018ஆம் வருஷத்துச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு போடலாம்.

சமரசப் பேச்சு இந்தக் காலத்தில்தான் உச்சத்துக்கு வரும். ஊர்ப் பெரியவர், பள்ளித் தாளாளர், சொந்தக்காரர், சில சமயம் சொந்த வழக்கறிஞரே கூட. "பொண்ணோட எதிர்காலத்தைப் பாருங்க" என்பார்கள். களைத்துப் போயிருக்கும் நேரத்தில் அது நியாயமாகக்கூடத் தோன்றும். அப்படித் தோன்றுவதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போக்சோ குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீதான வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அதனால் "கேஸை வாபஸ் வாங்கிடலாம்" என்று பணம் பேசுகிறவர்கள் உண்மையில் கேட்பது, குழந்தை கூண்டில் ஏறிப் பிறழ் சாட்சியாக மாற வேண்டும் என்பதைத்தான். தகவலை மறைத்த பள்ளித் தலைமை மீதும் வழக்கு உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளி நிர்வாகம் உங்கள் வீடு தேடி வந்து அவ்வளவு கனிவாகப் பேசுவதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

செலவைப் பற்றி. புகார், மருத்துவம், அரசு வழக்கறிஞர் எதற்கும் கட்டணம் இல்லை. பணம் கரைவது வேறு வழியில்: சம்மன் வரும் நாட்களில் போகும் கூலி, ஆட்டோ, ஜெராக்ஸ், பள்ளிக்கு விடுப்பு, "நான் பார்த்துக்கிறேன்" என்று முன்பணம் வாங்கும் தனி வழக்கறிஞர். வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர்தான். தனி வழக்கறிஞர் அவருக்கு உதவ மட்டுமே முடியும். அந்த உதவியையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். போக்சோவின் 40ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வரும் நாளுக்குச் சாட்சிப் படி உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.

விசாரணை சிறப்பு நீதிமன்றத்தில், பல மாவட்டங்களில் மகளிர் நீதிமன்றத்திலேயே, மூடிய அறையில் நடக்கும். குழந்தையின் சாட்சியத்தை வழக்கு ஏற்கப்பட்ட 30 நாளுக்குள்ளும், மொத்த விசாரணையை இயன்ற வரை ஒரு வருஷத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது 35ஆவது பிரிவு. நடப்பது வேறு, நீண்டுகொண்டே போகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சாட்சியத்துக்கு முந்தின வாரம் அரசு வழக்கறிஞரைப் பார்த்து மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள். குற்றவாளி குழந்தையின் கண்ணில் படாதபடி திரையோ வீடியோ இணைப்போ வேண்டும். எதிர்தரப்பின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வர வேண்டும். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிய வேண்டும். மூன்றாவது ரொம்ப முக்கியம். "குறுக்கு விசாரணைக்கு வாய்தா" என்று வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குழந்தையைத் திரும்ப அழைக்க மனு போடுவது பழைய தந்திரம். அந்த இடைவெளியில்தான் ஆள் அனுப்பிப் பேசுவார்கள். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று 33ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு சொல்வதைக் காட்டி எதிர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுத் தேர்வு நாளில் சம்மன் வந்தால் கால அட்டவணையை வைத்து முன்கூட்டியே தேதி மாற்றக் கேட்கலாம். அன்றைக்குச் சாப்பாடு, தண்ணீர், ஒரு செட் மாற்றுடை, பிடித்த புத்தகம் இருக்கட்டும். எப்போது அழைப்பார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தை களைத்துவிட்டால் இடைவேளை கேட்கலாம், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் சாட்சி சொல்லும்போது கேட்டதற்கு மட்டும் பதில். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிக் குழந்தைக்கு உதவப் போனால் குழந்தையின் சாட்சியமும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். 29ஆவது பிரிவு குற்றம் நடந்ததாக அனுமானிக்கச் சொல்கிறதே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவினால்தான் அந்த அனுமானம் வேலை செய்யும்.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். மருத்துவச் செலவு, குழந்தைக்குப் பள்ளி விட்டுப்போனது, பெற்றோர் வேலை இழந்தது, மனநல ஆலோசனை எல்லாவற்றையும் ரசீதோடு காட்டுங்கள். குற்றவாளி விடுதலையானாலும், பிடிபடாமலே போனாலும் இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறது 9ஆவது விதி. உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் அரசு தர வேண்டும். தீர்ப்பு விடுதலை என்று வந்தால் குடும்பமே நேரடியாக மேல்முறையீடு செய்யலாம், அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். இழப்பீட்டுப் பணம் பெரும்பாலும் குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகப் போகும். அதனால் காப்பாளரோடு சேர்த்துக் குழந்தை பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடக்கத்திலேயே திறந்து, அதிலுள்ள பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். ஒரு முதலெழுத்து மாறியதற்காக உத்தரவு வந்த பிறகும் பணம் மாதக்கணக்கில் நின்றுபோவது உண்டு.